சம்பளம் 86,000, ஆப் காட்டும் செலவு 1,18,400: எங்கே இடிக்கிறது?

கேள்வி: நானும் கணவரும் திருப்பூரில் வேலை பார்க்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 86,000 ரூபாய் கைக்கு வருகிறது. எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகவே செலவை எழுதிக்கொள்ளும் ஆப் ஒன்றை இருவர் போனிலும் ஒரே லாகினில் போட்டோம். போன மாதம் வரவு 1,07,400, செலவு 1,18,400, துண்டு 11,000 என்று காட்டியது. அதை வைத்து வீட்டில் பெரிய சண்டை. ஆனால் பாஸ்புக்கைப் பார்த்தால் இரண்டு வங்கியிலும் சேர்த்து இருப்பு 9,900 ரூபாய் கூடித்தான் இருக்கிறது. இதற்கு முன் கையால் பதிவு செய்யும், 41 தலைப்புகள் உள்ள ஆப் ஒன்றை மூன்று வாரம் எழுதிப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது போட்டிருக்கும் ஆப்பில் ‘கடன் வேண்டுமா’ என்று தினமும் நோட்டிஃபிகேஷன் வருகிறது. சந்தா கட்டி வெளிநாட்டு மென்பொருள் வாங்கலாமா? குடித்த டீக்காசு வரை போனில் தெரிவது கணவருக்குப் பிடிக்கவில்லை. ஆப் காட்டிய முழுப் பட்டியலையும், சீட்டு விவரத்தையும், பள்ளி, இன்சூரன்ஸ் போன்ற ஆண்டுச் செலவுகளையும் இணைத்திருக்கிறேன்.
- வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். உங்கள் வீட்டில் துண்டு விழவில்லை. நீங்கள் இருவரும் ஊதாரியாகச் செலவு செய்யவும் இல்லை. ஒரு கணக்கிலிருந்து பணம் நகர்ந்ததையெல்லாம் அந்த ஆப் செலவு என்று எழுதியிருக்கிறது. இந்த வகை ஆப்களைப் போட்டவர்களுக்கு வரும் ஏமாற்றத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. இதைத் திருத்தாமல் வேறு மென்பொருளுக்கு மாறினால் அங்கேயும் இதே தவறு வரும்.

முதலில் 1,18,400 எப்படி வந்தது என்று பார்ப்போம். கணவர் வீட்டுச் செலவுக்காக உங்கள் கணக்குக்கு அனுப்பிய 20,000 அவர் பக்கம் செலவாகவும் உங்கள் பக்கம் வரவாகவும் ஏறியிருக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் எஸ்எம்எஸ் வந்து, மொத்தம் 14,600 செலவில் சேர்ந்துவிட்டது. போன பில்லுக்காக வங்கியிலிருந்து கட்டிய 13,200 அதற்கு மேல் இன்னொரு முறை செலவாக ஏறியிருக்கிறது. ஏடிஎம்மில் எடுத்த 8,000 செலவு என்று நிற்கிறது. அந்தப் பணத்தில் வாங்கிய பால், காய்கறி, பூ என்று நீங்கள் கையால் எழுதிய 6,300 ரூபாயும் கூடவே நிற்கிறது. சீட்டுக்குக் கட்டிய 8,500, ஆர்டிக்கு (வங்கியில் மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) போன 5,000 இரண்டும் சேமிப்பு, ஆனால் செலவுப் பட்டியலில் இருக்கின்றன. திருப்பி அனுப்பிய துணியின் 1,400 ரூபாய் முதலில் செலவாகவும், பணம் திரும்பியபோது வருமானமாகவும் பதிவாகியிருக்கிறது.

இந்த ஆறையும் கழியுங்கள்: 20,000, 13,200, 8,000, 8,500, 5,000, 1,400. மொத்தம் 56,100. மிஞ்சுவது 62,300. அதுதான் உங்கள் உண்மையான மாதச் செலவு. வரவிலும் 20,000, 1,400 இரண்டையும் கழித்தால் சரியாக 86,000 வருகிறது. ஆக மிச்சம் 23,700. அதில் சீட்டும் ஆர்டியும் 13,500 போக, 10,200 மீதி.

பாஸ்புக்கில் கூடியது 9,900தானே, 10,200 எப்படி என்று கேட்பீர்கள். எடுத்த 8,000 ரொக்கத்தில் 6,300தான் செலவானது, 1,700 ரூபாய் பர்ஸில் இருக்கிறது. கார்டில் 14,600க்கு வாங்கி 13,200 கட்டியதால், கார்டுக்கு நீங்கள் தர வேண்டியது 1,400 கூடியிருக்கிறது. 9,900உடன் 1,700ஐக் கூட்டி 1,400ஐக் கழித்தால் 10,200. கணக்கு பைசா பிசகாமல் நேராகிவிட்டது. எந்த மென்பொருளையும் எடைபோட இந்த ஒரு சோதனை போதும்: மாதக் கடைசியில் அது காட்டும் இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா? கலர் கலரான வட்டப் படங்கள் எத்தனை இருந்தாலும், இருப்பைப் பொருத்திப் பார்க்க வழியில்லாத ஆப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வட்டப் படம் தப்பாக இருந்தால் உங்களுக்குத் தெரியாது. இருப்பு தப்பாக இருந்தால் உடனே தெரியும்.

ஆப் ஏன் இப்படிச் செய்கிறது என்றால், அது எஸ்எம்எஸ்ஸில் ‘டெபிட்டட்’, ‘ஸ்பென்ட்’, ‘கிரெடிட்டட்’ போன்ற சொற்களையும், தொகையையும், கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களையும்தான் தேடுகிறது. பணம் போய்ச் சேர்ந்த கணக்கும் உங்களுடையதுதான் என்று நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. ஆகவே ஆப்பின் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குப் போய் உங்கள் பணம் இருக்கும் எல்லா இடங்களையும் உருவாக்குங்கள். உங்கள் வங்கி, அவர் வங்கி, கிரெடிட் கார்டு, ரொக்கம், சீட்டு, ஆர்டி என ஆறு. ஒவ்வொன்றுக்கும் 1ஆம் தேதி காலை இருப்பைத் தொடக்க இருப்பாகப் போடுங்கள். கார்டுக்கு மட்டும் மைனஸில் போட வேண்டும். வந்த பில் மட்டுமல்ல, இன்னும் பில்லில் ஏறாமல் வாங்கியதையும் சேர்த்த மொத்தப் பாக்கி அது. கார்டு நிறுவனத்தின் ஆப்பில் ‘டோட்டல் அவுட்ஸ்டாண்டிங்’ என்று இருக்கும். இந்தத் தொடக்க இருப்பைப் போடாமல் விடுவதால்தான் பலருக்கு முதல் மாதமே கணக்கு இடித்து, ஆப்பின் மேல் நம்பிக்கை போய்விடுகிறது.

இனி இந்த ஆறுக்குள் பணம் நகரும்போதெல்லாம் வகையை ‘டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்றுங்கள். கார்டு பில் கட்டுவது வங்கியிலிருந்து கார்டுக்கு. ஏடிஎம் வங்கியிலிருந்து ரொக்கத்துக்கு. கணவர் அனுப்புவது அவர் வங்கியிலிருந்து உங்கள் வங்கிக்கு. பொருளைத் திருப்பிக் கொடுத்து வந்த பணத்தை வருமானம் ஆக்காதீர்கள். துணி என்ற அதே தலைப்பில் மைனஸ் செலவாகப் போடுங்கள். ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற வகையே இல்லாத ஆப் என்றால் அதை இன்றைக்கே எடுத்துவிடலாம்.

கார்டில் இஎம்ஐ போட்டுப் பொருள் வாங்கினால் இன்னொரு சிக்கல் வரும். 18,000 ரூபாய் போனை 6 மாதத் தவணையில் வாங்கினால், வாங்கிய அன்றே 18,000க்கு எஸ்எம்எஸ் வரும். பிறகு மாதா மாதம் பில்லில் 3,000 வரும். வாங்கிய நாளில் ஒரே முறை 18,000 செலவு என்று கார்டுக் கணக்கில் எழுதிவிட்டால், பின்னால் கட்டுவதெல்லாம் டிரான்ஸ்ஃபர்தான். வட்டி, பிராசஸிங் கட்டணம், அவற்றின் மேல் வரும் ஜிஎஸ்டி ஆகியவை மட்டும் தனிச் செலவு.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் செய்த மென்பொருளில் பெரும்பாலும் இதற்கென்று தனி இடம் இருக்காது. உங்களுடையது 2 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், தவணை 10,000. போன மாத ஏலத்தில் ஒருவர் 40,000ஐ விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுத்திருக்கிறார். அதில் சீட்டு நடத்துபவர் கமிஷன் சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது 10,000. (சட்டப்படி 7 சதவீதம் வரை எடுக்கலாம். 2019 திருத்தத்துக்கு முன் 5 சதவீதம்தான் உச்சவரம்பு.) மீதி 30,000ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,500 கழிவு. அதனால்தான் நீங்கள் 8,500 கட்டினீர்கள். இதை ஆப்பில் எழுத எளிய வழி, ‘சீட்டு’ என்ற கணக்குக்குக் கட்டிய 8,500ஐ அப்படியே டிரான்ஸ்ஃபர் செய்வது. கழிவைத் தனியாக எழுத வேண்டாம்.

நீங்கள் 7ஆவது மாதம் சீட்டை எடுத்து 1,60,000 வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதுவரை 7 தவணையில் 59,500 கட்டியிருந்தால், அந்த 1,60,000ஐச் சீட்டிலிருந்து வங்கிக்கு டிரான்ஸ்ஃபர் என்று எழுதியதும் சீட்டுக் கணக்கில் 59,500 போய் மைனஸ் 1,00,500 ஆகிவிடும். பயப்பட வேண்டாம், அது சரியான எண்தான்: சீட்டை எடுத்த நாளிலிருந்து அது உங்கள் சேமிப்பு அல்ல, கடன். வந்த 1,60,000ஐ வருமானம் என்று எழுதுகிறவர்கள் அந்த மாதம் பணக்காரர்களாகத் தெரிவார்கள். பிறகு 13 மாதம் எங்கே பணம் போகிறது என்று தேடுவார்கள். 20 மாதமும் முடிந்தபின் அந்தக் கணக்கில் என்ன நிற்கிறதோ அதுதான் சீட்டின் உண்மையான லாப நஷ்டம். மொத்தம் 1,80,000 கட்டி 1,60,000 வாங்கியிருந்தால் 20,000 நிற்கும். அதை ‘வட்டிச் செலவு’ என்று எழுதி முடியுங்கள். கடைசி வரை காத்திருந்து கட்டியதைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தால் மைனஸில் நிற்கும். அது வருமானம். நகைக்கடையில் கட்டும் மாதச் சேமிப்புத் திட்டத்துக்கும் இப்படித் தனிக் கணக்குதான், நகை எடுக்கும் நாளில் மொத்தமாக ‘நகை’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பும் ஆப்பில் இன்னும் சில ஓட்டைகள் உண்டு. எல்லாச் செலவுக்கும் எஸ்எம்எஸ் வருவதில்லை. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஜூன் 25 முதல், யூபிஐயில் 100 ரூபாய்க்கு மேல் போனாலோ 500 ரூபாய்க்கு மேல் வந்தாலோதான் எஸ்எம்எஸ் என்று மாற்றிக்கொண்டது. 30, 40 ரூபாயாக நாள் முழுக்கக் கொடுப்பது அப்படியே ஆப்பின் கண்ணிலிருந்து தப்பிவிடும். இன்னொரு பக்கம், ஒரே செலவுக்கு வங்கியிலிருந்து ஒன்று, பணம் வாங்கியவரிடமிருந்து ரசீதாக ஒன்று என இரண்டு எஸ்எம்எஸ் வந்து இரு முறை ஏறுவதும் நடக்கும். உங்கள் பட்டியலில் அது இல்லை, ஆனால் கரண்ட் பில், ரீசார்ஜ், இன்சூரன்ஸ் பதிவுகளை மாதம் ஒரு முறை நோட்டம் விடுங்கள். வீட்டில் யாராவது ஐபோனுக்கு மாறினால் இந்த முறையே நின்றுவிடும். ஐபோனில் வேறு ஆப்கள் உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியைப் படிக்க முடியாது.

உங்கள் பட்டியலில் ‘தனிநபருக்கு அனுப்பியது’ என்று 9 வரிகள் இருக்கின்றன. அவற்றில் 6 ஒரே பெயரில் வருகின்றன. அநேகமாக அது உங்கள் தெரு மளிகைக் கடைக்காரராக இருக்கும். கடையின் பெயரில் க்யூஆர் எடுக்காமல் தன் சொந்தப் பெயரில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆப்புக்கு அது யாரோ ஒரு ஆளுக்குக் கைமாற்று கொடுத்த மாதிரிதான் தெரியும். அந்த வரியைத் தொட்டு ‘மளிகை’ என்று மாற்றும்போது ‘இந்தப் பெயருக்கு எப்போதும் இப்படியே’ என்ற விதியையும் தேர்ந்தெடுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் கடைக்காரர், பால்காரர், டியூஷன் டீச்சர் எல்லாரும் தானாகவே சரியான தலைப்பில் விழுவார்கள்.

தலைப்புகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாதியில் விட்ட ஆப்பில் 41 தலைப்புகள் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அலுப்புக்குக் காரணம், உங்கள் சோம்பல் அல்ல. மளிகை-காய்கறி-பால், வாடகை, கரண்ட்-தண்ணீர்-கேஸ், போன்-இன்டர்நெட், பெட்ரோல்-பஸ், பள்ளி, மருத்துவம், துணி, வெளிச்சாப்பாடு, விசேஷம்-மொய், கைச்செலவு, மற்றவை. பன்னிரண்டு போதும். சூப்பர் மார்க்கெட்டில் மளிகையோடு ஒரு துண்டும் வாளியும் வாங்கினால் பில்லைப் பிரித்து எழுத வேண்டாம். வேறு தலைப்புக்குரியது 1,000 ரூபாயைத் தாண்டினால் மட்டும் பிரியுங்கள்.

ரொக்கத்துக்கும் இதே பேச்சுதான். கொத்தமல்லி 10, பூ 20 என்று எழுதுகிறவர் யாரும் ஒரு மாதம் தாண்டுவதில்லை. சனிக்கிழமை இரவு பர்ஸையும் அஞ்சறைப் பெட்டிக்குள் இருப்பதையும் எண்ணுங்கள். போன வார இருப்பு 1,200, நடுவில் ஏடிஎம்மில் எடுத்தது 2,000, இப்போது கையில் 1,450 என்றால் செலவு 1,750. அதை ஒரே வரியாக எழுதுங்கள். மாமியாரிடம் காய்கறிக்குக் கொடுத்து வைப்பதையும் கொடுத்த நாளிலேயே செலவு என்று எழுதிவிடலாம். வயதானவரிடம் மீதிக் காசுக்குக் கணக்குக் கேட்க வேண்டியதில்லை.

கணவரின் டீக்காசு விஷயம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் ஆளுக்கு ஒரு கைச்செலவுத் தொகை, உதாரணமாக 3,000 ரூபாய், முடிவு செய்யுங்கள். அது எப்படிப் போனது என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. இதற்கு யூபிஐ லைட் நன்றாகப் பொருந்தும். அதில் 5,000 வரை ஏற்றி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் எண் இல்லாமல் கொடுக்கலாம். பாஸ்புக்கில் ஏற்றிய தொகை மட்டும்தான் வரும். அதிலிருந்து போன தனித்தனிச் செலவுகள் அவருடைய யூபிஐ ஆப்புக்குள்ளேயே இருக்கும். 3,000 ஏற்றிய வரியை ‘கைச்செலவு’ என்று எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் ஒன்று: ஏற்றியதையும் எழுதிவிட்டு, அதில் வாங்கியதையும் கையால் எழுதினால், ஏடிஎம்மில் நடந்த இரட்டைப் பதிவு இங்கேயும் நடக்கும்.

இப்போது அந்த 10,200 ரூபாய் மீதிக்கு வருவோம். ஆப் காட்டிய 11,000 துண்டு எவ்வளவு பொய்யோ, அதே அளவு ஆபத்தானது இந்த மீதியை நம்புவதும். போன மாதப் பட்டியலில் பள்ளிக் கட்டணம் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, வீட்டு வரி இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களையே எடுத்துக்கொண்டால்: பள்ளி ஆண்டுக்கு 54,000. டேர்ம் இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீடு சேர்த்து 32,000. தீபாவளி, பொங்கல் 24,000. டூவீலர் இன்சூரன்ஸ், சர்வீஸ் 6,200. ஊரில் இருக்கும் சொந்த வீட்டுக்கு வரி அரையாண்டுக்கு 1,900 வீதம் 3,800. கூட்டினால் 1,20,000. மாதத்துக்கு 10,000. அதாவது 10,200இல் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 200 ரூபாய். ‘நன்றாகத்தானே போகிறது’ என்று இருக்கும் குடும்பங்கள் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கார்டைத் தேய்ப்பது இதனால்தான். மாத பட்ஜெட் ஆப் மாதத்தை மட்டுமே பார்க்கும்.

இதற்கு வழி, ‘ஆண்டுச் செலவு’ என்று ஏழாவதாக ஒரு கணக்கை உருவாக்குவது. வெறும் ஆப் கணக்காக இல்லாமல், வங்கியில் உண்மையாகவே ஒரு தனிச் சேமிப்புக் கணக்காக இருந்தால் நல்லது. சம்பளம் வந்த மறுநாள் 10,000 தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கும் இன்சூரன்ஸுக்கும் அதிலிருந்துதான் கட்ட வேண்டும். வீட்டு வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், பணம் தனியாக இருந்தால் அந்தத் தேதி தவறாது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால், ஆப்பில் அந்தத் தலைப்புக்கு மாத வரம்பு வைத்தால் ஒரு மாதம் பச்சை, ஒரு மாதம் சிவப்பு என்று மாறி மாறிக் காட்டும். மீதியை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும் ‘ரோல்ஓவர்’ வசதி இருந்தால் அந்தத் தலைப்புக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடன் விளம்பரங்களுக்குக் காரணம் எளிது. இலவச ஆப்புக்கு வருமானம் வேண்டும், உங்கள் சம்பளமும் செலவும் தெரிந்தவருக்குக் கடன் விற்பது சுலபம். 2014இல் தொடங்கிய வால்நட் ஆப்பை நம் ஊரிலும் பலர் செலவுக் கணக்குக்காக வைத்திருந்தார்கள். 2018இல் அதைக் கடன் நிறுவனமான கேப்பிடல் ஃப்ளோட் வாங்கியது, பிறகு ஆக்ஸியோ என்று பெயர் மாறியது. இதில் சட்டத்துக்கு மாறாக ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் தெரிந்துதான் கொடுக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்த ஆப், பெர்மிஷன்ஸ் என்று போய், எஸ்எம்எஸ் தவிர கான்டாக்ட்ஸ், லொகேஷன், படங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்த ஆப் உங்கள் ஓடிபியையும் படிக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே ப்ளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் வந்த லிங்கிலிருந்து இந்த மாதிரி ஆப் எதையும் இறக்கவே கூடாது. விளம்பரத்தில் ‘உங்கள் தகுதியைப் பாருங்கள்’ என்பதை விளையாட்டாகக்கூட அழுத்தாதீர்கள், கடன் விசாரணை உங்கள் சிபில் அறிக்கையில் பதிவாகலாம். ஆப்பை விடுவது என்று முடிவெடுத்தால், முதலில் உள்ளே போய் ‘டிலீட் அக்கவுண்ட்’ கொடுத்துவிட்டு அதன்பின் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வெறுமனே போனிலிருந்து எடுத்தால் அவர்கள் சர்வரில் இருப்பது அழியாது.

எஸ்எம்எஸ்ஸுக்கு மாற்றாக 2021 செப்டம்பரிலிருந்து அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற முறை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக, உங்கள் சம்மதத்தின் பேரில், வங்கியே கணக்கு விவரத்தை ஆப்புக்கு அனுப்பும். 30 ரூபாய்ச் செலவும் விடுபடாது. நடுவில் இருப்பவரால் உங்கள் விவரத்தைப் படிக்க முடியாது. ஆனால் போய்ச் சேரும் ஆப் படிக்கும். சம்மதத் திரையில் எதற்காக, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எப்போது வரை என்று நான்கும் எழுதியிருக்கும். வேகமாக ‘அப்ரூவ்’ அழுத்தாமல் படியுங்கள். வீட்டுக் கணக்குக்கு ஓராண்டு போதும், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நெட்பேங்கிங் பாஸ்வேர்டைக் கேட்கும் எந்த ஆப்பும் இந்த முறையில் வராது. அப்படிக் கேட்டால் விலகிவிடுங்கள்.

வெளிநாட்டுச் சந்தா மென்பொருளை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பலர் புகழும் ஒய்னாப் என்ற பட்ஜெட் மென்பொருள் ஆண்டுக்கு 109 டாலர், நம் பணத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல். நம் வங்கிகளோடு நேரடியாக இணையாது, எல்லாவற்றையும் கையால்தான் ஏற்ற வேண்டும். நீங்கள் கையால் எழுதிப் பார்த்து விட்டவர். அதோடு, பெரிய பெயர் என்பதால் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்ட் மணி விற்பனை 2009இல் நின்றது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட்டை 2009இல் இன்ட்யூட் நிறுவனம் வாங்கி, 2024 மார்ச்சில் மூடியது. பல ஆண்டுக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாகத் தங்கள் விவரத்தை இறக்க வேண்டியிருந்தது.

ஆகவே எந்த ஆப்பானாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து வரி எழுதி, ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து சிஎஸ்வி கோப்பாக (எக்ஸலில் திறக்கக்கூடிய எளிய பட்டியல் கோப்பு) எடுங்கள். தேதி, கணக்கு, தலைப்பு, தொகை, குறிப்பு ஐந்தும் தனித்தனிப் பத்தியில் இருக்கின்றனவா? இல்லையென்றால், அல்லது எக்ஸ்போர்ட்டுக்கே பணம் கேட்டால், வேண்டாம். தமிழில் எழுதிய தலைப்பு எக்ஸலில் கிறுக்கலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், எக்ஸலின் ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாக வரும். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இருக்காது.

உங்களுக்கு என் யோசனை: இப்போதைய ஆப்பை மேலே சொன்னபடி திருத்தி இரண்டு மாதம் பாருங்கள். இருப்பு பொருந்தினால் அதுவே போதும். பொருந்தவில்லை, அல்லது கடன் விளம்பரம் சகிக்கவில்லை என்றால், மாதம் ஒரு முறை வங்கி ஸ்டேட்மென்ட்டை இறக்கி கூகுள் ஷீட்ஸில் வேலை செய்யலாம். இருவரில் ஒருவருக்குக் கணினியும் கணக்குப் பதிவும் பழக்கம் என்றால் க்னூகேஷ் என்ற கணினி மென்பொருள் இலவசம், விவரம் உங்கள் கணினியிலேயே இருக்கும், ஒவ்வொரு தொகையும் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று இரு பக்கமும் எழுதும் முறை என்பதால் டிரான்ஸ்ஃபரைச் செலவாக எழுதும் தவறு அங்கே எளிதில் நடக்காது. ஸ்டேட்மென்ட்டை ஷீட்ஸில் ஏற்றுவதற்கு முன் ஃபைல், செட்டிங்ஸ், லோகேல் என்று போய் இந்தியா என மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 04/07 என்பதை ஜூலை 4க்குப் பதிலாக ஏப்ரல் 7 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதிக்குமேல் உள்ளவை தேதியாகவே மாறாமல் எழுத்தாக நின்றுவிடும். மாதக் கூட்டல் தப்பாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஏழு கணக்கின் இருப்பையும் பொருத்திப் பாருங்கள். இடித்தால் வரி வரியாகத் தேடுவதற்கு முன் வித்தியாசத்தை முதலில் பாருங்கள். அந்தத் தொகையிலேயே ஒரு வரி ஸ்டேட்மென்ட்டில் இருந்தால் அது விடுபட்டிருக்கிறது அல்லது இரு முறை ஏறியிருக்கிறது. வித்தியாசத்தின் பாதித் தொகையில் ஒரு வரி இருந்தால், செலவு வரவாகவோ வரவு செலவாகவோ பதிவாகியிருக்கும். வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 540க்குப் பதில் 450 எழுதினால் 90 இடிக்கும். இதில் எதுவும் இல்லாமல் 200 ரூபாய்க்குள் இடித்தால் ‘கணக்கில் வராதது’ என்று ஒரே வரி எழுதி இருப்பைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த வரி மூன்று மாதம் தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் ரொக்கத்தில்தான் ஓட்டை இருக்கும். சனிக்கிழமை எண்ணுவது எந்த வாரம் விடுபட்டது என்று பாருங்கள்.